வயர்கட் மெஷினுக்குக் கெபாசிட்டர் தேடிய வாரம்

ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே பிரியும் ஒரு மண் சாலையில் இருக்கிறது எங்கள் பட்டறை. முன்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே லேத்துகளும் ஒரு மில்லிங் மெஷினும் நிற்கும். பின்பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை. அந்த அறைக்கு மட்டும் ஏசி உண்டு. அதில் மனிதர்கள் உட்காருவதில்லை. வயர்கட் மெஷின் உட்கார்ந்திருக்கிறது. தலைமுடியைவிடச் சற்றே தடித்த பித்தளைக் கம்பி ஒன்றைத் தண்ணீருக்குள் ஓடவிட்டு, அதிலிருந்து தெறிக்கும் மின்பொறியால் கெட்டியான எஃகை அறுக்கும் மெஷின் அது. கார் பாகங்கள் அடிக்கும் பிரஸ்களுக்கு வேண்டிய அச்சுகளை அதில்தான் வெட்டுவோம். லேத்து வேலை வரும், போகும். பட்டறைக்குச் சோறு போட்டது அந்தக் கண்ணாடி அறைதான்.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தது பில் போடவும், வெளியே போகும் பொருள்களை அளந்து பார்க்கவும். அதற்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் செல்போன் செய்யும் ஒரு கம்பெனியில் இருந்தேன். சாத்தான்குளம் பக்கத்து ஊர் எனக்கு. டிப்ளமோ முடித்த கையோடு கிளம்பி வந்தவள். அந்தக் கம்பெனியில் எனக்கு ரீவொர்க் மேசை. லைனில் பாகங்கள் சரியாக ஒட்டாமல் வந்த சர்க்யூட் போர்டுகளை நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து, எள்ளைவிடச் சிறிய பாகங்களைப் பெயர்த்து எடுத்துப் புதியதை வைப்பேன். கை நடுங்காது என்று எனக்கு நல்ல பெயர். ஒப்பந்தம் முடிந்தபோது அந்தப் பெயர் எதற்கும் உதவவில்லை. என்னோடு அறையில் இருந்த பெண்களில் பாதிப் பேர் ஊருக்கு ரயிலேறினார்கள். நான் ஏறவில்லை. போர்டு பிடித்த கையில் பில் புத்தகம் வந்தது.

பட்டறை முதலாளி ஒரு பெண். நாங்கள் எல்லோரும் அக்கா என்போம். மணிமங்கலத்துக்காரர். ஒரு பெரிய கம்பெனியில் அச்சுகள் செய்யும் டூல் ரூமில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு, அது மூடியபோது, அதே டூல் ரூமில் தான் ஓட்டிய வயர்கட் மெஷினையே ஏலத்தில் எடுத்துக்கொண்டு வந்து இந்தப் பட்டறையைப் போட்டவர். மெஷினை இப்போது ஓட்டியவர் வாலாஜாபாத் ரோட்டிலிருந்து வரும் ஓர் அண்ணன். வந்த புதிதில் எங்கள் ஊர் வழக்கப்படி அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட்டேன்.

"அண்ணாச்சியா? நான் இன்னா மளிகைக் கடையா வெச்சிகினு கீறேன்?" என்று அவர் கேட்டதில் பட்டறையே சிரித்தது. அதிலிருந்து அண்ணன்தான்.

மெஷினை இயக்கியது அதன் வயிற்றுக்குள் இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டர். கொஞ்ச நாளாகவே அது காலையில் சண்டித்தனம் பண்ணிக்கொண்டிருந்தது. சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். அண்ணன் அணைத்து அணைத்துப் போடுவார். பிறகு அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். ஏசியை நிறுத்திவிட்டு, ஒயருக்கு உறை சுருக்கப் பயன்படும் வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் பெட்டிக்குள் கொஞ்சம் சூடு காட்டினால் திரை வந்துவிடும்.

"குளுருதுமா அதுக்கு. தோ, வந்துடுச்சு பாரு," என்பார் என்னிடம்.

அந்த வாரம் திங்கட்கிழமை சூடு காட்டியும் வரவில்லை. மதியம்வரை வரவில்லை. மெஷினைத் தயாரித்த நிறுவனத்தின் ஆளை அக்கா போனில் பிடித்தார். இந்த மாடலுக்கு இனிமேல் எதுவும் கிடைக்காது, கட்டுப்பாட்டுப் பெட்டியை முழுதாகப் புதிதாகப் போட வேண்டும் என்றார் அவர். வேறு கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வைத்துவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. அண்ணன் பெட்டியின் கதவைத் திறந்து காட்டினார். மெஷினோடு பேசும் நீளமான அட்டை ஒன்று மதர்போர்டில் செருகப்பட்டிருந்தது. அந்த வகை அட்டையைச் செருகும் இடம் இப்போதைய போர்டு எதிலும் கிடையாது. ஆக, அந்த போர்டு பிழைத்தால் மெஷின் பிழைக்கும்.

அப்போது கையில் ஒரு வேலை வேறு இருந்தது. ஒரகடத்தில் ஒரு பிரஸ் கம்பெனிக்கு ஒரு ஜோடி அச்சு: தகட்டைக் குத்தி வெட்டும் எஃகுப் பஞ்சும், அது இறங்கும் துளையுள்ள டையும். அடுத்த வாரம் கொடுத்தாக வேண்டும். வெளியே வேறு வயர்கட்டில் கொடுத்து வெட்டலாமென்றால் எல்லா இடத்திலும் வேலை நிரம்பிக் கிடந்தது. செய்தி எப்படித்தான் போனதோ, பழைய மெஷின் வாங்கும் தரகர் ஒருவர் சாயங்காலமே வந்து கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அந்த மெஷின் போனால் பட்டறையில் பில் போட என்ன இருக்கும்?

எல்லோரும் டீ குடிக்கப் போன நேரத்தில் நான் செல்போன் வெளிச்சத்தைப் பெட்டிக்குள் அடித்துப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. பிராசசரைச் சுற்றி விரல்நுனி உயரத்தில் ஒரு வரிசை கெபாசிட்டர்கள் நின்றன. அலுமினியத் தலை தட்டையாக இருக்க வேண்டிய சின்ன உருளைகள். அவற்றில் பலவற்றின் தலை உப்பியிருந்தது. ஒன்றின் உச்சி பிளந்து பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. அண்ணன் ஏன் சூடு காட்ட வேண்டியிருந்தது என்பதும் புரிந்தது. இவற்றுக்குள் இருக்கும் திரவம் வற்றிப்போனால் குளிரில் வேலை செய்யாது. கொஞ்சம் சூடேறினால் மூச்சுப் பிடித்துக்கொண்டு எழும். திங்கட்கிழமையோடு அந்த மூச்சும் நின்றுவிட்டது.

"அக்கா, இத நான் ஒரு தடவ பாக்கட்டுமா?" என்றேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு இது தெரியுமா?"

"போர்டுலதான்க்கா இத்தன வருசமும் கெடந்தேன். கெபாசிட்டர் போயிருக்கு. மாத்தினா வரும்னு நெனைக்கேன்."

"நெனைக்கிறியா, வருமா?"

"மாத்திப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

அண்ணன் பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். "ஆமாக்கா, தல உப்பிகினுதான் கீது. நான் தெனம் பாக்கறேன், இது இப்டிதான் இருக்கும்போலன்னு வுட்டுட்டேன்."

அக்காவும் குனிந்து அந்த உப்பிய தலைகளைப் பார்த்தார். பிறகு, "செத்துப்போன போர்டுதானே. எடுத்துக்கோ," என்றார்.

எனக்கு அன்று ஒன்று உறைக்கவில்லை. கம்பெனியில் நான் ஆயிரக்கணக்கில் பாகங்களை மாற்றியிருக்கிறேன், ஒன்றைக்கூடத் தேர்ந்தெடுத்ததில்லை. எந்த இடத்தில் எது வர வேண்டும் என்று யாரோ எங்கோ தீர்மானித்திருப்பார்கள். சுருள் சுருளாக மேசைக்கு வந்துவிடும். நான் எடுத்து வைப்பேன். அவ்வளவுதான். இப்போது எனக்குச் சுருள் கொண்டுவந்து தர யாரும் இல்லை.

பழைய கெபாசிட்டரின் உடம்பில் எழுதியிருந்ததைப் படித்தேன். 3300 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட், 105 டிகிரி. அதைச் சொல்லிக்கொண்டு மறுநாள் சென்னையில் ஒரு பாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆறு வோல்ட்டு இல்ல, பத்து இருக்கு. வோல்ட் கூட இருந்தா ஒண்ணும் ஆகாது," என்றார். அவர் சொன்னது சரிதான். வோல்ட் குறையக் கூடாது, கூடலாம். எண் அதேதான், 105 டிகிரியும் அதேதான். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கழற்றுவதுதான் பெரும்பாடாக இருந்தது. மதர்போர்டுக்குள் செம்புத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். பற்றவைப்புக் கோல் தரும் சூட்டையெல்லாம் அவை குடித்துவிடும், ஈயம் உருகாது. கம்பெனியில் போர்டைக் கீழிருந்து சூடேற்றும் மேசை உண்டு. இங்கே அண்ணன்தான் இருந்தார். அவரை வெப்பக்காற்றுத் துப்பாக்கியோடு போர்டுக்குக் கீழே நிற்க வைத்தேன். "தூரமா புடிங்கண்ணே, ஒரே எடத்துல காட்டாதீங்க, கருகிரும்," என்று சொல்லிக்கொண்டே மேலிருந்து கோலை வைத்தேன். முதல் கெபாசிட்டர் மெல்ல அசைந்து கையோடு வந்தது. அண்ணன் "ஆ!" என்று கத்தியே விட்டார்.

புதியவை கொஞ்சம் குண்டாக இருந்தன. பக்கத்தில் பக்கத்தில் நிற்க இடம் போதாமல், கால்களை நீளமாக விட்டு, ஒன்றைச் சாய்த்து ஒன்றை நிமிர்த்தி, நெரிசலான பஸ்ஸில் ஆட்கள் நிற்பதுபோல நிற்க வைத்தேன். மைனஸ் பக்கம் சரிதானா என்று, கழற்றும் முன் எடுத்திருந்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். போர்டை மாட்டி சுவிட்சைப் போட்டோம்.

திரை வந்தது. பட்டறையில் ஒரே கூச்சல். லேத்து ஓட்டுபவர்கள்கூட மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்கள். அக்கா என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். நல்ல வேளை, நான் ஒரு காரியம் செய்தேன். பஞ்சுக்கான எஃகை உடனே ஏற்ற வேண்டாம், முதலில் வேலைக்கு ஆகாத ஒரு வெட்டித் துண்டில் ஓட்டிப் பார்ப்போம் என்றேன்.

கொஞ்ச நேரம் நன்றாகத்தான் வெட்டியது. பிறகு திரை அப்படியே உறைந்தது. கம்பி நின்ற இடத்திலேயே பொறிந்து அறுந்தது. அணைத்துவிட்டுப் பெட்டிக்குள் கை விட்டேன். நான் போட்ட கெபாசிட்டரைத் தொட்டவள் கையை உதறினேன். அப்படிச் சுட்டது. தன் வேலையைத் தாங்க முடியாமல் வெந்துகொண்டிருந்தது.

லேத்துக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். அண்ணன்தான், "வந்துச்சில்ல? செத்துட்டதுன்னா ஒரு தபா கூட வராது. இது வந்துச்சு," என்றார். அந்தப் பேச்சு எனக்கு வேண்டியிருந்தது. அது உண்மையும்கூட. போர்டு சாகவில்லை. நான் போட்டது தப்பான கெபாசிட்டர். எண் அதே, வோல்ட் அதற்கும் மேலே, டிகிரி அதே. அப்புறம் எதில் தப்பு?

தண்டலத்தில் காலேஜ் பிள்ளைகளின் லேப்டாப்புகளைப் பழுது பார்க்கும் கடை ஒன்று எனக்குத் தெரியும். என் அறைத் தோழி ஒருத்தியின் போனை அங்கே கொடுத்திருந்தோம். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். அடுத்த நாள் காலையில் பழைய கெபாசிட்டர்களையும், நான் போட்ட புதுவகையில் மிச்சமிருந்ததையும் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். போர்டின் ஓர் ஓரத்தில், பிராசசர் சூட்டுக்கு எட்டாத இடத்தில், அதே வகைக் கெபாசிட்டர் ஒன்று தலை உப்பாமல் இருந்தது. அதையும் கழற்றி எடுத்துப் போனேன்.

அவர் ஒரு சின்ன அளவுமானியை எடுத்து வைத்தார். முதலில் என் புதிய கெபாசிட்டரை மாட்டினார். கொள்ளளவு சரியாகக் காட்டியது. உப்பாத பழையதை மாட்டினார். அதுவும் ஏறக்குறைய அதே கொள்ளளவு.

"ரெண்டும் ஒண்ணுதானே," என்றேன்.

"கீய இன்னொரு நம்பர் கீது பாருங்க," என்று திரையின் அடிவரியில் விரலை வைத்தார். உள்தடை. கெபாசிட்டருக்குள்ளேயே மின்சாரம் போய் வருவதற்கு இருக்கும் தடை. பழைய நல்ல கெபாசிட்டரில் அது ஒன்றுமே இல்லை என்பதுபோல இருந்தது. என் புதியதில் அதைப்போலப் பல மடங்கு.

"இது ரேடியோ, சார்ஜர்னு சாதாரணமா போடறது. மதர்போர்டுல பிராசசர் பக்கத்துல இதப் போட்டா வெந்துடும். அங்க உள்தடை கம்மியா இருக்கறதுதான் போடணும்."

எனக்கு வெட்கமாக இல்லை. சந்தோஷமாக இருந்தது. நேற்று ராத்திரி முழுக்க மண்டைக்குள் சுற்றிய கேள்விக்கு ஒரு நம்பர் கிடைத்துவிட்டது. நம்பர் இருந்தால் தேடலாம்.

அவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, செத்த போர்டுகள் ஒரு மூட்டை அவரிடம் கிடந்தன, அதிலிருந்து கழற்றித் தருவதாகச் சொன்னார். பல வருடம் சூட்டில் கிடந்ததை மறுபடி சூட்டில் போட எனக்கு மனம் வரவில்லை, வேண்டாம் என்றேன். இரண்டாவது, உள்ளே திரவமே இல்லாத கெட்டி வகை. "சாலிட் போட்டு வுடுங்க. உப்பவே உப்பாது. அதுல உள்தடை ரொம்பக் கம்மி." இது எனக்கு ஆசை காட்டியது. பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அதைப் பற்றித்தான் செல்போனில் படித்துக்கொண்டு வந்தேன். நிறையப் பேர் மாற்றி நன்றாக ஓடுவதாக எழுதியிருந்தார்கள். சிலர் மட்டும் ஓர் எச்சரிக்கை சொன்னார்கள். பழைய போர்டுகளில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் சுற்று, கெபாசிட்டரில் கொஞ்சம் உள்தடை இருக்கும் என்று நம்பித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கும்; அது அடியோடு குறைந்தால் சில போர்டுகள் தடுமாறும் என்றார்கள். எங்கள் போர்டு தடுமாறும் வகையா இல்லையா என்று எனக்குத் தெரியாது. சோதித்துப் பார்க்க வேறொரு போர்டும் கிடையாது. அதனால் இந்த போர்டை வடிவமைத்தவர் எதை மனதில் வைத்திருந்தாரோ அதன் பக்கத்திலேயே நிற்பது என்று முடிவு செய்தேன்.

அதற்குப் பழைய கெபாசிட்டரின் உடம்பிலேயே வழி இருந்தது. பெரிய எழுத்துக்களை மட்டும் படித்தவள் ஓரத்தில் இருந்த இரண்டு சின்ன எழுத்துக்களை விட்டிருந்தேன். அதுதான் அந்தக் கெபாசிட்டரின் குலம் கோத்திரம் எல்லாம். அந்த எழுத்துக்களைத் தேடியதும் தயாரிப்பாளரின் விவரத்தாள் கிடைத்தது. உள்தடை எவ்வளவு, எவ்வளவு மின்னோட்டம் ஏறி இறங்கினால் தாங்கும், அந்தச் சூட்டில் எத்தனை மணி நேரம் உழைக்கும், உருளையின் விட்டம் எவ்வளவு, உயரம் எவ்வளவு எல்லாம் அதில் இருந்தது. 105 டிகிரி என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல என்றும் அதில்தான் தெரிந்துகொண்டேன். அந்தச் சூட்டில் சிலது கொஞ்ச காலம் உழைக்கும், சிலது அதைப்போலப் பல மடங்கு உழைக்கும். வெளியே இரண்டிலும் எழுதியிருப்பது 105தான்.

அந்த வகையைச் செய்வதை அந்த நிறுவனம் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தது. எனவே வேறு நல்ல தயாரிப்பாளர்களின் விவரத்தாள்களைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் உள்தடை சரியாக இருக்கும், குண்டாக இருக்கும். ஒன்று ஒல்லியாக இருக்கும், விசிறியில் இடிக்கும் உயரம் இருக்கும். இன்னொன்று எல்லாம் பொருந்தும், கையிருப்பு இருக்காது. கடைசியில் ஒன்று அகப்பட்டது. அதே கொள்ளளவு, அதே 6.3 வோல்ட், உள்தடை பழையதற்கு மிக அருகில், மின்னோட்டம் தாங்குவது கொஞ்சம் கூடுதல், ஆயுள் மிகக் கூடுதல், விட்டம் அச்சாக அதே. உயரம் மட்டும் கொஞ்சம் அதிகம். பட்டறையின் வெர்னியர் அளவுகோலை எடுத்துக்கொண்டு போய் விசிறிக்கும் போர்டுக்கும் நடுவே அளந்தேன். நிற்கும். தாராளமாக நிற்கும். அந்த வெர்னியரைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்ததை அண்ணன் பார்த்துவிட்டார்.

"இன்னாமா, தனியா சிரிச்சிகினு நிக்கற?"

"கெடச்சிட்டுண்ணே."

அக்காவிடம் சொல்லப் போனேன். பெங்களூரிலிருந்து வர வேண்டும், வர ஓரிரு நாள் ஆகும் என்றதும் அவர் முகம் மாறியது.

"போன தடவயும் சரியாதானேம்மா வாங்கின? அதே நம்பர்தானே?"

மேசையில் இருந்த டீ தம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகத் தெரிந்த பக்கத்துக் கட்டடத்தின் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினேன். "அக்கா, அதே அளவுல ரெண்டு தொட்டி இருக்குன்னு வைங்க. ஒண்ணுல குழா வாய் அகலம், இன்னொண்ணுல ஊசி மாரி. தண்ணி ரெண்டுலயும் ஒரே அளவுதான். ஆனா கீழ ஒருத்தன் படக்குனு ஒரு வாளி கேட்டா, ஊசிக் குழால எப்படி வரும்? பிராசசர் அப்படித்தான் படக்கு படக்குனு கேக்கும். நான் போன தடவ தொட்டி அளவு பாத்தேன், குழாயப் பாக்கல."

அக்கா தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். டூல் ரூமில் வளர்ந்தவர். ஒரு விஷயம் புரிந்துவிட்டால் அதற்குப் பிறகு இழுக்க மாட்டார். "சரி. உப்பினதுக்கு மட்டும் வாங்காத. வரிசைல இருக்கறது எல்லாத்துக்கும் சேத்து வாங்கு," என்றார். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். ஒரே சூட்டில் நின்றவை. இன்று உப்பாதது அடுத்த மாதம் உப்பும்.

அந்த இடைவெளியில் தரகர் மறுபடி வந்தார். இந்தத் தடவை ஒரு லாரிக்காரரையும் கூட்டிவந்து, கண்ணாடி அறையின் கதவு அகலத்தைக் கையால் அளந்து பார்த்தார். அக்கா அவரை உட்காரச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரை பொறுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

பார்சல் சிங்கப்பெருமாள் கோவில் கூரியர் ஆபீஸ்வரை வந்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டது. வண்டி நாளைக்குத்தான் வரும் என்றார்கள். நாளைவரை யார் பொறுப்பது? ஷிப்ட் முடிந்து வரும் பெண்களோடு ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு நானே போய் வாங்கிக்கொண்டேன். திரும்பும்போது பார்சலை மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெண், "இன்னாக்கா, ஸ்வீட்டா?" என்றாள். "ஆமா," என்றேன்.

பட்டறைக்கு வந்ததும் முதல் வேலையாக அளந்து பார்த்தேன். தண்டலத்துக் கடைக்காரர் அளவுமானியைத் தானாகவே கொடுத்தனுப்பியிருந்தார். ஒவ்வொன்றையும் மாட்டிப் பார்த்தேன். எல்லாம் விவரத்தாள் சொன்னபடி. அண்ணன் கூடவே உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணையும் சத்தமாகப் படித்தார்.

என் குண்டுக் கெபாசிட்டர்களைக் கழற்றும்போது எங்கள் இருவருக்கும் கை பழகியிருந்தது. அவர் கீழே சூட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்ட, நான் மேலே எடுத்துக்கொண்டே போனேன். ஓட்டைகளைச் சுத்தம் செய்து புதியவற்றை இறக்கினேன். இந்தத் தடவை எதையும் சாய்க்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றும் தன் வட்டத்துக்குள் போர்டோடு ஒட்டி நேராக உட்கார்ந்தது. வேலை முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது, கம்பெனியிலிருந்து புதிதாக வந்த போர்டைப்போல இருந்தது. எனக்கே அதை ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது, எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை. ஏசியை வேண்டுமென்றே முழுக்க வைக்கச் சொன்னேன். அறை சில்லிட்டுப் போயிருந்தது. அண்ணன் வழக்கப்படி வெப்பக்காற்றுத் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். "அது வேண்டாண்ணே, சும்மா போடுங்க," என்றேன். போட்டார். விசிறி சுற்றியது. ஒரு பீப். அடுத்த நொடி திரையில் எழுத்துக்கள் ஓட ஆரம்பித்தன.

இந்த முறை யாரும் கத்தவில்லை. எல்லோரும் ஒரு தடவை ஏமாந்தவர்கள். வெட்டித் துண்டை ஏற்றினோம். போன தடவை நின்ற நேரத்தைத் தாண்டியது. அதைப்போல இன்னொரு மடங்கு தாண்டியது. நான் பெட்டிக்குள் கை விட்டுக் கெபாசிட்டர் தலையில் விரலை வைத்தேன். சூடே இல்லை. இளஞ்சூடு என்றுகூடச் சொல்ல முடியாது. விரலை எடுக்காமலே அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஒன்றும் கேட்காமல், "பஞ்சு ஸ்டீல ஏத்து," என்றார் அண்ணனிடம்.

அன்று பகல் முழுக்க அது வெட்டியது. தண்ணீருக்குள் நீலப் பொறி நிற்காமல் மினுங்கியது. நான் பில் போடுவேன், எழுந்து வந்து பார்ப்பேன், மறுபடி போய் உட்காருவேன். சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் தன் டிபன் பாக்ஸைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடியே சாப்பிட்டார். பொழுது சாயும் நேரத்தில் கடைசிக் கோடு முடிந்தது. தண்ணீர் வடிந்ததும் அண்ணன் பஞ்சைத் துடைத்து அக்கா கையில் கொடுத்தார். அக்கா அதை டையின் வாயில் வைத்து, ஒற்றை விரலால் மெல்ல அழுத்தினார். எண்ணெயில் நழுவுவதுபோல உள்ளே இறங்கியது. கடைசிவரை எங்கும் உரசவில்லை. அக்கா அதை வெளியே எடுத்து, மறுபடி உள்ளே விட்டு, மறுபடி எடுத்தார். தேவையே இல்லை. சும்மா, அந்த சுகத்துக்காக.

அப்போதுதான் கத்தினார்கள். லேத்துக்காரர் ஒருவர் ஸ்பானரால் தகரக் கதவில் தட்டினார். அண்ணன் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, போதாதென்று மறுபடி குலுக்கினார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவேதான் தரகர் வந்தார். வாசலில் லாரியே நின்றது. அக்கா பஞ்சைக் கையில் பிடித்தபடியே வாசலுக்குப் போனார்.

"இன்னாங்க, முடிவு பண்ணிட்டீங்களா?" என்றார் தரகர்.

"பண்ணிட்டேன். மெஷின் ஓடிக்கினு கீது. நீங்க வேற எடம் பாருங்க."

அக்கா எப்போதும் நிதானமாக, திருத்தமாகப் பேசுபவர். அவர் வாயிலிருந்து அந்த "ஓடிக்கினு கீது" வந்ததைக் கேட்டு அண்ணன் கண் கலங்கச் சிரித்தார். லாரி பின்னுக்கு வந்து திரும்பிப் போவதை நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று வழியனுப்பினோம்.

அச்சு சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தது. பிரஸ் கம்பெனியிலிருந்து வந்தவர் அளந்து பார்த்துவிட்டு அடுத்த வேலைக்கான வரைபடத்தையும் அப்போதே கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்கடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னையும் அண்ணன் குடும்பத்தையும் மணிமங்கலத்துக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். நான் எங்கள் ஊர் வழக்கத்தில் சர்ச்சில் காலை ஆராதனைக்குப் போய்விட்டு வந்தேன்; அக்கா வீட்டார் மாதா கோயிலில் பூசை முடித்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார்கள். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். பிரியாணி அண்டாவைத் திறந்தபோது தெருமுனைவரை மணந்திருக்கும். அக்கா என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, வந்தவர்களிடமெல்லாம், "எங்க பட்டறை போர்டு இன்ஜினியர் இவதான்," என்று சொன்னார். டிப்ளமோதான் என்று நான் திருத்தப் போனேன். "சும்மா சாப்புடு," என்று என் தட்டில் இன்னொரு துண்டு கறியைப் போட்டார்.

சாப்பாட்டின் நடுவில்தான் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து பில்லுக்கு வேறு ஆள் வருகிறது. கண்ணாடி அறைக்குப் பக்கத்துச் சுவரோரம் எனக்கு ஒரு மேசை போடச் சொல்லியிருக்கிறது. நல்ல பற்றவைப்புக் கருவி, கீழிருந்து சூடேற்றும் தட்டு, அளவுமானி என்று என்ன வேண்டுமோ பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டியது. நம் தெருவிலேயே இன்னும் மூன்று பட்டறைகளில் இதேபோலப் பழைய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஒருவர் நேற்றே கேட்டுவிட்டார்.

"எந்தக் கம்பெனியோடது வாங்கட்டும்க்கா?" என்றேன்.

"என்னைக் கேட்டா? நீதான் செலக்ட் பண்ணணும்," என்றார்.

வாயில் சோறு இருந்தது. தலையை ஆட்டிவிட்டு, அண்ணன் நீட்டிய தயிர்ப் பச்சடியை வாங்கிக்கொண்டேன். அவர் மனைவி என்னிடம் தங்கள் வீட்டு இன்வெர்ட்டர் கொஞ்ச நாளாக ஒரு மாதிரி சத்தம் போடுவதாகச் சொல்ல ஆரம்பித்தார். எப்படிச் சத்தம் என்று கேட்டேன். அவர் வாயால் போட்டுக் காட்டினார். பந்தியே சிரித்தது. நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கவனமாகப் போட்டுக் காட்டச் சொன்னேன்.